மூன்றாவது ஆணியில் தொங்கிய துணி

என் கண்ணான பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பதை மெதுவாகக் கீழே எழுதுகிறேன், அவசரப்படாமல் படி. அங்கே குளிர் இன்னும் விடவில்லை என்று உன் அம்மா சொன்னாள். காதை மூடிக்கொண்டு போ. உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுதான் முதலில் படுத்தும்.

நீ செய்த பல் செட்டின் போட்டோவை உன் அம்மா காட்டினாள். எதிர் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினேன். "இது செஞ்ச பல்லா, முளைச்ச பல்லா?" என்று கேட்டுவிட்டுத் தன் கடைவாய்ப் பல்லை விரலால் ஆட்டிப் பார்த்துக்கொண்டாள். இந்தத் தெருவில் யார் வீட்டுப் பெண் இப்படி வேலை செய்கிறாள், சொல்லட்டும் பார்ப்போம். எனக்குப் பெருமை அடித்துக்கொள்ளத் தெரியும் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் அந்தப் பெருமையைத்தான் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது.

உனக்கும் உன் அப்பாவுக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது. அது எந்த வார்த்தையால் நின்றதோ, அந்த வார்த்தை தப்பு என்று இப்போது தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் அழுது குழப்பிவிடுவேன். எழுதினால் அழுதுவிட்டுத் திரும்ப வந்து எழுதலாம்.

குண்டை உன் அப்பா வெளியே எடுத்துவிட்டான். ஆமாம், நம் குண்டுதான். தாத்தா போன பிறகு கயிறு கட்டி இழுத்துவந்து ஷெட்டில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிய கார். அதன் பிறகு யாரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. பாத்திரக் கடைக்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தபோதுகூட உன் அப்பா, "சாவி தொலைஞ்சு போச்சு" என்று சொல்லி அனுப்பினான். சாவி அவன் மேஜை டிராயரில்தான் இருந்தது.

போன வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றான். கணக்கு வாத்தியார் சும்மா இருந்தால் என்ன ஆகும்? வீட்டில் இருக்கிற டப்பாவையெல்லாம் உயர வரிசையில் அடுக்கினான். உன் அம்மா, "அத்தை, இவருக்கு ஏதாவது வேலை குடுங்க, இல்லைன்னா என்னையும் வரிசையில நிக்க வச்சிருவார்" என்றாள். ஒரு நாள் காலையில் டீயைக் குடித்துவிட்டு நேரே போய் ஷெட்டைத் திறந்தான். காரணம் சொல்லவில்லை. "சரி பண்ணி வித்துடலாம்மா" என்று மட்டும் சொன்னான். ஆனால் விற்கப் போகிறவன் செய்கிற வேலையாக அது இல்லை. ஜன்னல் ரப்பருக்கு மூன்று ஊருக்குக் கடிதம் போட்டான். பழைய வெளிர் பச்சை நிறம் சரியாக வர வேண்டும் என்று பெயின்ட் கடையில் ஏழு தடவை கலக்கச் சொன்னான். வண்டியில் முன்பக்கம் இடது இருக்கையில் நீ சின்னப் பிள்ளையில் பேனாவால் கிறுக்கிய பூனை இருந்ததே, உறை மாற்றுகிறவனிடம் அந்தத் துண்டை மட்டும் தனியாக வெட்டி வாங்கிக்கொண்டான். எங்கே வைத்திருக்கிறான் என்று நான் கேட்கவில்லை.

இன்ஜின் வேலைக்குப் பதிமூணை வரவழைத்தான். அவரை உனக்கு ஞாபகம் இருக்கும். எந்நேரமும் பின்பாக்கெட்டில் பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் வைத்திருப்பாரே, அந்த மெக்கானிக். இந்தக் காரில் பாதி நட்டு அந்த நம்பர்தான், அதனால் தாத்தா வைத்த பெயர். இப்போது மூட்டு வலியால் உட்கார்ந்து எழ முடியவில்லை. பலகையில் சக்கரம் வைத்துப் படுத்துக்கொண்டே வண்டிக்கு அடியில் போகிறார், வருகிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தாம ஸ்டார்ட் பண்ணிடாதீங்கப்பா" என்று அறிவுரை சொன்னார். பதிமூணு அடியில் படுத்தபடியே, "ஐயா, இது தண்ணியே குடிக்காத ரகம். காத்தைக் குடிச்சு உயிர் வாழுது. உங்க வீட்டுக்காரம்மாவை ஊத்தச் சொல்லுங்க, செடிக்காவது ஆகும்" என்றார். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் உன் அப்பா சிரித்தான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தக் காற்றில்தான் எல்லாம் இருக்கிறது. குண்டுக்கு இன்ஜின் பின்னால். அதன் மேல் தகரக் கூட்டுக்குள் ஒரு விசிறி. விசிறி சுற்றினால் காற்று வந்து இன்ஜினைக் குளிர வைக்கும். விசிறியைச் சுற்றுவது ஒரு பெல்ட். பெல்ட் அறுந்தால் டாஷ்போர்டில் சிவப்பு லைட் எரியும். எரிந்தால் எங்கே இருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், ஒரு பர்லாங்குகூட ஓட்டக் கூடாது. தாத்தா உனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது முதல் பாடமே அதுதான், கியர்கூட அதற்கு அப்புறம்தான்.

இனி அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். நீ படிக்கப் பிடிக்காமல் மடித்துவைத்துவிடாதே.

மத்தியானம் தாத்தாவுக்கு நெஞ்சு வலி வந்தது. வீட்டில் நீயும் நானும்தான். நீ அவரைத் தோளில் சாய்த்துப் பின் சீட்டில் என் மடியில் படுக்க வைத்து வண்டியை எடுத்தாய். பாலத்தின் ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் திணறி நின்றுவிட்டது. நீ சாவியை அப்படியே விட்டு, கதவை அப்படியே திறந்து போட்டு, நடுரோட்டில் இறங்கிக் கையை விரித்து நின்று ஒரு சலவைக்காரர் வேனை நிறுத்தினாய். ஆஸ்பத்திரி வாசல் தெரிகிற இடத்தில் அவர் கை என் கையில் கனத்துப்போனது. டாக்டர், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். அந்த டாக்டர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

உன் அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து பாலத்தின் வழியாகத்தான் வந்தான். அனாதையாக நின்ற வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குள் வந்தான். "லைட் எரியலப்பா, சத்தியமா எரியல" என்று நீ சொன்னாய். "நான் இப்பதான் பாத்துட்டு வரேன், செக்கச்செவேல்னு எரியுது. பாத்துக்கிட்டே ஓட்டியிருக்க. உன் தாத்தாவைக் கொன்னது நீதான்" என்றான். அத்தனை பேர் முன்னால் சொன்னான்.

அப்போது நீ என் பக்கம் திரும்பி, "பாட்டி, நீங்க சொல்லுங்க" என்றாய். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். நான் லைட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது நிஜம். ஆனால் என் பேத்தி பொய் சொல்ல மாட்டாள் என்று சொல்ல லைட்டைப் பார்த்திருக்க வேண்டுமா என்ன? வாயைத் திறக்கவில்லை. நாற்பத்தாறாம் நாள் நீ பெட்டி கட்டினாய்.

இங்கே நிறுத்தினேன். இரண்டு நாள் ஆகிவிட்டது. மறுபடி எழுதுகிறேன்.

போன மாதம் இன்ஜினைக் கீழே இறக்கினார்கள். நாலு போல்ட்டைக் கழற்றி, அடியில் தள்ளுவண்டியை வைத்து, பிள்ளைத்தாய்ச்சியை இறக்குவது போல அத்தனை பதமாக இறக்கினார் பதிமூணு. நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவர் பார்த்தது பெல்ட்டை. விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "சார், பெல்ட்டு அறுந்தே போகலையே" என்றார். பிறகு தகரக் கூட்டைப் பிரித்தார். விசிறியின் இறக்கைகளில் கருகிச் சுருண்டு ஒரு துணி சிக்கியிருந்தது. காற்று உள்ளே போகிற வாயை முழுக்க அடைத்திருந்தது.

பதிமூணு அதைப் பிடுங்கி எடுத்துத் தரையில் விரித்தார். உன் அப்பாவிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெல்ட்டு சுத்துது, விசிறி சுத்துது, ஆனா காத்துக்கு வழியில்ல. அதனால லைட்டு எரியாது சார், எரியவே எரியாது. பாப்பா என்ன பண்ணும்? ஏத்தத்துல கொதிச்சு, பிஸ்டன் பிடிச்சு நின்னுருக்கு." உன் அப்பா, "நான் கண்ணால பாத்தேனே" என்றான். அவர், "சாவி போட்டபடி இன்ஜின் நின்னுபோனா எந்த வண்டியிலயும் அந்த லைட்டு எரியத்தான் செய்யும். நீங்க பாத்தது செத்த பிறகு எரிஞ்ச லைட்டு" என்றார்.

உன் அப்பா ஷெட் தரையில் எண்ணெய்க் கறையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "அவ சொன்னா. எரியலைன்னு சொன்னா" என்று இரண்டு தடவை சொன்னான்.

கண்ணு, இத்தோடு முடிந்தால் இந்தக் கடிதத்தை உன் அம்மாவே எழுதியிருப்பாள். முடியவில்லை.

மறுநாள் அவன் சாக்பீஸ் எடுத்துப்போய் ஷெட் சுவரில் கணக்குப் போட ஆரம்பித்தான். விடை தப்பாக வந்தால் எந்த வரியில் தப்பு என்று தேடுகிறவன் அல்லவா? அந்த வாரம் யார் யார் எப்போது இன்ஜின் மூடியைத் திறந்தார்கள் என்று வரிசையாக எழுதினான். கடைசி வரியில் அவன் பெயர் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஆயில் அளவு பார்த்தானாம், கம்பியைத் துணியால் துடைத்தானாம். "துணியை நான்தாம்மா உள்ள விட்டிருக்கேன். நான் விட்டுட்டு, பழியை அவ மேல போட்டேன்" என்றான். பதிமூணு மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு, "பெரியவர் துணியை எண்ணாம நாளைத் தொடங்க மாட்டாரே சார்" என்றார். "அன்னைக்கு எண்ணலை போல" என்றான் உன் அப்பா.

எண்ணினார். நான் பார்த்தேன்.

தாத்தா லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்த்தவர். லிஃப்ட் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ டிரைவரை மறந்தால் ஓர் உயிர் போகும் என்பார். அந்தப் பழக்கம்தான் ஷெட் சுவரில் மூன்று ஆணி, மூன்று துணி. மூன்றும் ஆணியில் தொங்கினால்தான் வண்டிக்குச் சாவி போடலாம். ஒன்று குறைந்தால் தேடி எடுக்கும்வரை யாரும் சாப்பிட உட்கார முடியாது. என் பழைய சேலையைக் கிழித்துத்தான் அந்தத் துணிகள் எல்லாம்.

அன்றைக்குக் காலையில், அவர் குளிக்கப் போயிருந்தபோது, நான்தான் மூடியைத் திறந்து விசிறிக் கூட்டைத் துடைத்தேன். யாரும் சொல்லவில்லை. இந்த வீட்டில் என்னைவிட அதைப் பளபளப்பாக வைக்க யாராலும் முடியாது என்று எனக்கு ஒரு கர்வம். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. துணியைக் கூட்டின் மேலேயே வைத்துவிட்டு ஓடினேன். வந்து மூடியை மூடினேன். அப்புறம் பார்த்தால் மூன்றாவது ஆணி காலி. துவைக்கிற வாளியில் போட்டிருப்பேன் என்று நினைத்தேன். போய்ப் பார்க்கவில்லை. அவர் குளித்துவிட்டு வருகிற சத்தம் கேட்டது. "எங்கேடி மூணாவது?" என்று மருமகள் முன்னால், உன் முன்னால் கேட்பாரே என்று, அதே சேலையில் இன்னொரு துண்டைச் சர்ரென்று கிழித்து ஆணியில் மாட்டிவிட்டேன். அவர் வந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் தொட்டு எண்ணினார். சரி என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஒரு திட்டு வாங்கியிருந்தால் போதும். அரை மணி நேரம் தேடியிருப்பார், கிடைத்திருக்கும். ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவரிடம் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன், இன்னொன்று வாங்கினால் தேய்ந்தா போயிருப்பேன்?

தரையில் விரித்த துணியின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஊதாக் கரை தெரிந்தது. அந்தக் கரைச் சேலையை முந்தின நாள் ராத்திரிதான் கிழிக்க எடுத்தேன். உன் அப்பா சாயங்காலம் தொட்டது பழைய துணி. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, காய் நறுக்க உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் வாயைத் திறக்கவில்லை. உனக்குச் செய்ததையே என் பிள்ளைக்கும் செய்துகொண்டிருக்கிறேன். இன்றோடு பத்தொன்பது நாள்.

அவன் இளைத்துவிட்டான். சாப்பாட்டுத் தட்டில் கோலம் போடுகிறான். உன் அம்மா உன்னோடு பேசும்போது பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். இது உனக்குத் தெரியாது. இந்த மாதம் என்று இல்லை, ஆறு வருஷமாகவே அப்படித்தான். போனைக் கையில் வாங்கச் சொன்னால், "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு" என்கிறான்.

வண்டி வேலை நிற்கவில்லை. புது பிஸ்டன் போட்டாயிற்று. வால்வு இடைவெளி சரி பார்க்க இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், கை வைத்தால் கல் மாதிரி ஜில்லென்று இருக்க வேண்டும் என்று பதிமூணு இரண்டு நாள் யாரையும் கிட்டேயே விடவில்லை. போன வியாழக்கிழமை சாவி போட்டார்கள். முதலில் இருமியது, அப்புறம் தையல் மெஷின் மாதிரி அதே சத்தம். உன் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். பதிமூணு இறங்கிக்கொண்டு, "சார், நீங்க ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்றார். உன் அப்பா சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்து, ஓட்டுகிறவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டான். "ஓட்றவ வரட்டும்" என்றான். இன்ஜினை அணைக்கச் சொல்லவும் இல்லை. பெட்ரோல் தீர்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

நீ அங்கே போய் ஒரு தடவைகூட ஸ்டியரிங்கைத் தொடவில்லையாமே. பனியில் அரை மணி நேரம் நடந்து பஸ் பிடிக்கிறாயாம். உன் அம்மா சொன்னபோது, வண்டி பிடிக்காது போல என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். வண்டி ஓட்டப் பிறந்தவள் நீ. பாலத்தில் அன்றைக்கு நீ செய்த தப்பு ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை, அம்மா. எவ்வளவு வேகமாக ஓட்ட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓட்டினாய். எவ்வளவு சீக்கிரம் இன்னொரு வண்டியைப் பிடிக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பிடித்தாய். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இதைச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

முதலில் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு உனக்கு எழுதலாம் என்றுதான் இருந்தேன். தினமும் ஷெட் வாசல்வரை போகிறேன், "டீ வேணுமாப்பா" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். இதை ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அங்கிருந்து நேரே அவனிடம் போவேன். பெட்டிக்குள் விழுந்ததை என்னால் திரும்ப எடுக்க முடியாது அல்லவா? உனக்குத் தெரிந்த பிறகு அவனுக்குத் தெரியாமல் வைக்கவும் முடியாது. இதை நீ பிரிக்கும்போது அவனுக்குத் தெரிந்து பத்து நாளாவது ஆகியிருக்கும். என்னை என்ன சொன்னான், பேசினானா, பேசவில்லையா என்பதெல்லாம் என் பாடு.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்காகக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை, அவனுக்காகக் கேட்கிறேன். அவன் உன்னைக் கூப்பிடுவான். இன்றைக்கோ, ஒரு மாதம் கழித்தோ, கூப்பிடுவான். வாத்தியாராக முப்பது வருஷம் பேசிய வாய்தான், ஆனால் பேச வராது. இருமுவான். அங்கே என்ன மணி என்பான். சாப்பிட்டியா என்பான். அதற்கு மேல் ஒரு சொல் நகராது. அவன் சொல்ல வந்தது அந்த இருமலுக்குள்தான் இருக்கும். வைத்துவிடாதே. நீயும் பேச வேண்டாம், பிடித்துக்கொண்டு இரு, போதும். கோபத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்து எனக்குத் தனியாகக் கூப்பிட்டுச் சொல். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வேன், இந்தத் தடவை முகத்தை மூட மாட்டேன்.

நீ நல்ல ஆயுசோடு, மனசில் பாரம் இல்லாமல் இருக்க வேண்டும்.

அவன் கூப்பிடும்போது எடு, அம்மா.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
உன் பாட்டி